பச்சைப் பிள்ளைக்குச் சீனி 38, மெஷினை நம்பலாமா?

தலவாக்கலை அப்பா:
நேற்று விடியக்காலை மகள் பிறந்தாள். 37 வாரம், 2.1 கிலோ. மனைவிக்குச் சீனி வருத்தம் இல்லை, ஆனாலும் எடை குறைவென்று பிள்ளையின் குதிகாலில் குத்திக் குத்திப் பார்க்கிறார்கள். இரத்தச் சீனி முதலில் 38 mg/dL, பால் கொடுத்த பிறகு 52, இரவு திரும்பவும் 43. என் அம்மாவுக்குக் கிளினிக்கில் மூன்று மாதச் சீனிச் சராசரி (HbA1c) பார்ப்பார்களே, அதை ஒரே தடவை செய்தால் இத்தனை குத்து வேண்டாமே? அவள் அழுவதைப் பார்க்க முடியவில்லை.

பண்டாரவளை நர்ஸ்:
தம்பி, அந்தப் பரிசோதனை இவளுக்கு உதவாது. அது பார்ப்பது பெரியவர்களின் ஹீமோகுளோபினில் ஒட்டிய சீனியை, பிறந்த பிள்ளைக்கு இருப்பதோ பெரும்பாலும் கருவில் உண்டான வேறு வகை. நமக்கு வேண்டியதும் இந்த நேரத்துக் கணக்குத்தான். தொப்புள்கொடி வெட்டியதும் எல்லாப் பிள்ளைக்கும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சீனி இறங்கும், பிறகு ஏறும். எடை குறைந்தவர்களுக்கு ஈரலில் சேமிப்புக் குறைவு, அதனால்தான் பாலுக்கு முன் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். பல இடங்களில் 47க்குக் கீழே போனால் குறைவென்று எடுத்துக் கவனிப்பார்கள்.

மெஷின் பற்றிக் கேட்டது சரியான கேள்வி. பிள்ளையின் இரத்தம் கெட்டி, அதனால் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டலாம். குதிகால் குளிர்ந்திருந்தாலோ, ஸ்பிரிட் காயுமுன் குத்தினாலோ, அழுத்திப் பிதுக்கினாலோ இன்னும் பிசகும். குறைவாக வந்தால் நரம்பில் இரத்தம் எடுத்து ஃப்ளோரைட் குழாயில் (சீனி குறையாமல் காக்கும் மருந்துள்ள குழாய்) உடனே லேபுக்குப் போகவேண்டும், வைத்திருந்தால் சிவப்பணுக்களே சீனியைத் தின்றுவிடும். அதற்காக ரிசல்ட் வரும்வரை பாலை நிறுத்திவைக்கவே கூடாது. நடுக்கம், துவண்டு கிடப்பது, பால் உறிஞ்சாதது, நீலம் பாய்வது, இதில் எது தெரிந்தாலும் அந்த நிமிடமே சொல்லுங்கள்.

நுவரெலியா அம்மா:
என் மகனுக்கும் இப்படித்தான், 35 வாரத்தில் பிறந்தான். நம் ஊர்க் குளிரில் உடம்பைச் சூடாக வைக்கவே பிள்ளையின் சீனி செலவாகிறது. தொப்பி போட்டு, தோலோடு தோலாக நெஞ்சில் அணைத்து, மூன்று மணிக்கொரு தடவை எழுப்பிப் பால் கொடுத்தேன். உறிஞ்சாதபோது சீம்பாலைப் பிழிந்து கரண்டியில் ஊட்டினோம். தோட்டத்து லயன் வீடுகளில் பெரியவர்கள் சீனித்தண்ணீர் கொடுக்கச் சொல்வார்கள், தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

தலவாக்கலை அப்பா:
நன்றி அக்கா. இப்போதுதான் லேபிலிருந்து 54 என்று வந்தது. இன்னும் இரண்டு தடவை பார்ப்பார்களாம். குத்துவதற்கு முன் மனைவி குதிகாலைக் கைக்குள் பொத்திச் சூடாக்கி வைத்திருக்கிறாள், வார்டு நர்ஸ் மிஸ்ஸும் சரி என்றார்.