சாமி என்றால் சண்டை போடுபவர் மட்டும்தானா? பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூன் பற்றி

பாலக்கோடு அம்மா:
சாமிப் படம்தானே என்று நம்பி நாம் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகிற கார்ட்டூன்கள்தான் எனக்குக் கவலை. சின்னக் கிருஷ்ணர், சின்ன அனுமார், சின்னப் பிள்ளையார் என்று எதை எடுத்தாலும் ஒரு அரக்கன் வருகிறான், சாமி அடிக்கிறார், கதை முடிந்தது. 2008இல் போகோ சேனலில் வந்த சோட்டா பீம் மகாபாரதக் கதை இல்லை, டோலக்பூர் என்ற கற்பனை ஊரில் நடப்பது என்பது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் பகாசுரன் கூத்தன்று வண்டியில் சோற்றோடு பீமன் வேஷக்காரர் வந்தபோது, இரண்டாம் வகுப்பு படிக்கிற என் மகன் "இவர் பீம் இல்லை, பீம் லட்டுதான் சாப்பிடுவான்" என்று அடம்பிடித்தான். அதை விட்டுவிடலாம். அவன் தாத்தா ஆஸ்பத்திரியில் இருந்தபோது சாமி கும்பிடச் சொன்னேன், "கும்பிட்டா உடனே வருவாரே, ஏன் இன்னும் வரலை?" என்று கேட்டான். கார்ட்டூனில் அப்படித்தானே வருகிறார்.

காவேரிப்பட்டணத்தான்:
அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் சொல்கிற கூத்தும் அந்தக் காலத்து மக்கள் ஊடகம்தான். வியாசர் பாரதத்தில் திரௌபதி ஊரைக் காக்கிற அம்மன் இல்லை, அம்மனுக்குக் காவல் நிற்கிற போத்துராஜாவும் கிடையாது, அர்ஜுனனை மணந்த அல்லி அரசாணியும் கிடையாது. பாரதத்தைத் தமிழில் வில்லிபுத்தூரார் ஒரு மாதிரி பாடினார், நல்லாப்பிள்ளை ஒரு மாதிரி பாடினார், கூத்து வாத்தியார்கள் அதிலிருந்து தங்களுக்கு வேண்டியதை எடுத்து, சேர்க்க வேண்டியதைச் சேர்த்தார்கள். 1987இல் தூர்தர்ஷனில் ராமாயணம் ஓடியபோது டிவிப் பெட்டிக்கே மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்தியவர்கள் உண்டு. அதனால் பக்தி கெட்டுவிட்டதா? ஒவ்வொரு தலைமுறையும் தனக்குக் கிடைத்த வழியில்தான் சாமியைத் தெரிந்துகொள்கிறது. பிள்ளைகளுக்கு எது கதை, எது நிஜம் என்று கொஞ்ச நாளில் தானாகவே புரிந்துவிடும்.

பழையபேட்டை வாசி:
அண்ணா, கூத்து நடக்கும்போது பக்கத்தில் பாட்டி இருப்பார், மாமா இருப்பார், பிள்ளை ஏதாவது கேட்டால் அங்கேயே பதில் கிடைக்கும். செல்போனில் அது தனியாகத்தானே இருக்கிறது? எங்கள் வீட்டுப் பிரச்சினை வேறு மாதிரி. கார்ட்டூனைப் பார்த்துவிட்டு, விளக்கைத் தேய்த்தால் ஜின் வந்து மூன்று வரம் தரும் என்று என் மகள் நம்பினாள், அதனிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று என்னிடமே கேட்டாள். குர்ஆனின் 72வது அத்தியாயத்தின் பெயரே ஜின். ஜின்களும் படைக்கப்பட்டவைதான். அந்த அத்தியாயத்தில், அவற்றிலும் நம்பியவை உண்டு, நம்பாதவை உண்டு, அவற்றிடம் பாதுகாப்புத் தேடுவது கேடு என்றுதான் வருகிறது. அல்லாஹ்வைத் தவிர வேறு யாரிடமும் வேண்டக் கூடாது என்பது எங்களுக்கு அடித்தளம். கார்ட்டூன் அந்த இடத்திலேயே கை வைக்கிறது, இதை வெறும் விளையாட்டு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

எலத்தகிரி டீச்சர்:
ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். பேய்ப்படங்களில் சிலுவையை நீட்டினால் பேய் அலறிக்கொண்டு ஓடும், அதைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்குச் சிலுவை ஒரு ஆயுதம். அதில் ஒருவர் பாடுபட்டு இறந்தார், தன்னைக் கொன்றவர்களை மன்னிக்கச் சொன்னார் என்பதை நான் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனாலும் தடை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மந்திரம் வருகிற எதையும் பார்க்காதே, பாவம் என்று மிரட்டிய வீடுகளில் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார்கள், பார்த்ததைப் பற்றி நம்மிடம் பேசுவதையும் நிறுத்திவிடுகிறார்கள். தடை போட்டால் விஷயம் முடிந்துவிடுமா? 2001இல் சவூதி அரேபியா போக்கிமான் என்ற ஜப்பானிய விளையாட்டைத் தடை செய்தது, 2016இல் அதன் செல்போன் விளையாட்டான போக்கிமான் கோ வந்ததும் அங்கே அதே பேச்சு மறுபடி எழுந்தது.

அரூர் தோழர்:
எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கோயில், சர்ச், மதரசா மூன்றும் பிள்ளைக்கு விவரம் தெரியும் முன்பே அதன் நம்பிக்கையை முடிவு செய்கின்றன. அதே வேலையை டிவி செய்தால் மட்டும் ஏன் பதற்றம்? "ஏன் இன்னும் வரலை" என்று அந்தப் பையன் கேட்டது நல்ல கேள்வி, தயவுசெய்து அதை அமுக்காதீர்கள். எனக்கு ஆத்திரம் ராத்திரி சீரியல்கள் மேல்தான், பாம்பு பழி வாங்குகிறது, செய்வினை வைத்துக் குடும்பத்தைக் கெடுக்கிறார்கள், அதைக் குடும்பமே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறது. மூடநம்பிக்கையை வளர்க்கிற நிகழ்ச்சி கூடாது என்று 1994ஆம் ஆண்டு கேபிள் டிவி விதிகளிலேயே இருக்கிறது. யார் கேட்கிறார்கள்? டிவியில் சக்திமான் என்ற சூப்பர் ஹீரோ தொடர் ஓடிய காலத்தில் அவர் வந்து காப்பாற்றுவார் என்று பிள்ளைகள் விபரீதம் செய்துகொண்டதாகச் செய்திகள் வந்தன, அந்த நடிகரே திரையில் தோன்றி அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்ல வேண்டி வந்தது.

பாலக்கோடு அம்மா:
தோழர், அவன் கேள்வியை நான் அமுக்கவில்லை. அவனுக்குத் தெரிந்த சாமிக்கு அடிப்பதைத் தவிர வேறு வேலையே இல்லையே என்றுதான் வருத்தப்படுகிறேன். திரௌபதி அம்மன் திருவிழாவின் கடைசியில் நடக்கிற படுகளம் பார்த்திருப்பீர்கள். மண்ணில் அவ்வளவு பெரிய துரியோதனனைச் செய்து கிடத்தி, பீமன் வந்து தொடையில் அடித்து, பாஞ்சாலி சபதம் முடித்துக் கூந்தல் முடிகிறாள். அத்தோடு விடுவதில்லை, விழுந்தவனுக்காக ஒப்பாரி வைக்கிறார்கள். அத்தனை நாள் அவனைத் திட்டிய பெண்கள் அங்கே அழுவதை நான் பார்த்திருக்கிறேன். கார்ட்டூனில் அரக்கன் புகையாக மறைந்துவிடுகிறான், அவனுக்கு அம்மா இருந்தாளா என்று யாரும் கேட்பதில்லை. என் பிள்ளைக்குக் கிடைக்காமல் போவது அதுதான்.

காவேரிப்பட்டணத்தான்:
ஒப்பாரி பற்றிச் சொன்னது சரிதான், அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் அதே கூத்தில் போரில் வெல்வதற்காக அர்ஜுனன் மகன் அரவானைக் களபலி கொடுக்கிறோம். எங்கள் ஊரில் அங்காளம்மனுக்கு எடுக்கிற மயானக் கொள்ளைத் திருவிழாவில் காளி வேஷம் வரும்போது பிள்ளைகள் அப்பன் தோளில் உட்கார்ந்துதான் பார்க்கிறார்கள். அதையே கார்ட்டூனில் காட்டினால் நாமே புகார் எழுதுவோம். பழகியது என்பதால் ஒன்றை ஏற்றுக்கொள்கிறோம், புதுசு என்பதால் இன்னொன்றைச் சந்தேகப்படுகிறோம். படுகளம் பெரும்பாலும் பகலில்தானே நடக்கிறது, பையனைக் கூட்டிப் போங்கள், கார்ட்டூனும் பார்க்கட்டும்.

எலத்தகிரி டீச்சர்:
யூடியூபில் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதை நிறுத்தி வையுங்கள். ஒன்று பார்த்து முடித்ததும் பேச இடம் கிடைக்கும். பாய் வீட்டிலும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

பழையபேட்டை வாசி:
அதை ஏற்கெனவே நிறுத்திவிட்டேன் டீச்சர். ஜின் விஷயத்தையும் மகளிடம் உட்கார்ந்து பேசினேன், புரிந்துகொண்டாள். ஆனால் நபிமார்களுக்கு முகம் வரைந்து வருகிற வீடியோக்கள் இருக்கின்றனவே, நான் பக்கத்தில் இருந்து எவ்வளவு விளக்கினாலும் ஒரு தடவை பார்த்த முகம் அவள் மனதில் நின்றுவிடும், பிறகு யாராலும் எடுக்க முடியாது. அது மட்டும் எங்கள் வீட்டில் கிடையாது. இதைத் தடை என்று நீங்கள் சொன்னால், ஆமாம், தடைதான்.