ஷேன் பிளாக்கின் கணக்கில் 'அயர்ன் மேன் 3' வசூலைச் சேர்க்கலாமா?

நெல்லைக் கதிரவன்:
திரைநேசன் நேற்று ஷேன் பிளாக்கைப் பற்றி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பிளாக் எழுதிய படங்கள் உலகெங்கும் ஏறத்தாழ 190 கோடி டாலர் வசூலித்திருக்கின்றன என்றும், ஆகவே ஹாலிவுட்டில் பணம் போடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பத்தக்க எழுத்தாளர் அவர்தான் என்றும் அறுதியிட்டுச் சொல்லியிருக்கிறார். அந்த 190 கோடியில் 121 கோடி, 2013-ல் வந்த 'அயர்ன் மேன் 3' என்னும் ஒரே படத்தின் வசூல் என்பதை மட்டும் எங்கும் சொல்லவில்லை. அதை எடுத்துவிட்டால், 1987 முதல் 2018 வரை வந்த மற்ற எட்டுப் படங்களுக்கும் சேர்த்து 70 கோடி அளவே மிஞ்சும். காமிக்ஸ் நாயகர்களைப் படமாக்கும் மார்வெல் நிறுவனம் ஐந்து ஆண்டுகளாக உழுது விதைத்த வயலுக்கு அறுவடை நாளில் வந்து சேர்ந்தவர் பெயரில் விளைச்சல் முழுவதையும் எழுதி வைப்பது எந்த ஊர் நியாயம்?

திரைநேசன்:
சென்ற மாதம் இன்னொரு திரைக்கதையாசிரியரான சார்லி காஃப்மன் படங்களைப் பற்றிப் பேசியபோதும் கதிரவன் இதே முறையைத்தான் கையாண்டார். வசூல் குறைந்தால் எழுத்தாளர் மேல் பழி, கூடினால் நிறுவனத்துக்குப் புகழ் என்பது அவருடைய நிலையான கொள்கை. 2010-ல் வந்த 'அயர்ன் மேன் 2' உலகெங்கும் 62 கோடி டாலர் ஈட்டியது. மூன்றாம் படம் 121 கோடி ஈட்டியது. நாயகன் அதே ராபர்ட் டவுனி, நிறுவனம் அதே மார்வெல். மாறியது யார்? ஜான் ஃபேவ்ரோ இயக்கத்தை விட்டு விலக, ட்ரூ பியர்சுடன் சேர்ந்து திரைக்கதையை எழுதித் தானே இயக்கியவர் பிளாக். வசூல் இருமடங்காக ஆனதற்கு வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

நெல்லைக் கதிரவன்:
சொல்கிறேன். இடையில் 2012-ல், அயர்ன் மேனும் பிற மார்வெல் நாயகர்களும் ஒன்றுசேர்ந்த 'தி அவெஞ்சர்ஸ்' வந்து 150 கோடி டாலருக்கு மேல் வசூலித்ததை எப்படி மறந்தீர்கள்? அந்தப் படத்தை அடுத்து வந்த மார்வெல் தொடர்ச்சிகளும் உயர்ந்தன. 'தோர்' 44 கோடியிலிருந்து 64 கோடிக்குச் சென்றது. 'கேப்டன் அமெரிக்கா' 37 கோடியிலிருந்து 71 கோடிக்குச் சென்றது. அவற்றில் பிளாக் ஒரு வரிகூட எழுதவில்லை, ஆனாலும் கேப்டன் அமெரிக்காவின் வசூல் ஏறத்தாழ இருமடங்காயிற்று. மேலும் 'அயர்ன் மேன் 3' அமெரிக்காவில் முதல் மூன்று நாட்களிலேயே 17 கோடி டாலர் ஈட்டியது. அந்த மூன்று நாட்களில் சீட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர், எழுதியவர் யார் என்று பார்த்துவிட்டு வரிசையில் நின்றார்கள்? 121 கோடி மார்வெலின் 121 கோடி. அதில் பிளாக்குக்கு உரியது அவர் பெற்ற சம்பளம் மட்டுமே.

பழைய ரசிகன்:
இளைஞர்கள் இருவரும் 2013-ஐ விட்டு நகர மறுக்கிறீர்கள். பிளாக்கின் உண்மையான பலம் 'லீத்தல் வெப்பன்'. 1987-ல் ஒன்றரைக் கோடி டாலர் செலவில் எடுத்து, உலகெங்கும் 12 கோடி டாலர் ஈட்டிய படம் அது. அதாவது எட்டு மடங்கு. 20 கோடி செலவழித்து ஆறு மடங்கு ஈட்டிய இரும்பு மனிதனை விட இந்த விகிதமே உயர்ந்தது. அப்போது அமெரிக்காவில் சராசரிச் சீட்டு விலை நான்கு டாலரைக்கூடத் தொடவில்லை, 2013-ல் எட்டு டாலரைத் தாண்டியிருந்தது. அந்தத் திரைக்கதையை எழுதியபோது அவர் இருபதுகளின் முற்பகுதியில் இருந்தார். பின்னால் முதுகு தாங்க எந்தக் காமிக்ஸ் புத்தகமும் இல்லை.

நெல்லைக் கதிரவன்:
பெரியவர் மனம் வருந்தக் கூடாது, ஆனால் சீட்டு விலையைச் சரிசெய்து பார்த்தாலும் அமெரிக்காவில் 'லீத்தல் வெப்பன்' பார்த்தவர்கள் ஒன்றேமுக்கால் கோடிக்கும் குறைவு, 'அயர்ன் மேன் 3' பார்த்தவர்கள் ஐந்து கோடி. இந்த மூன்று மடங்கு வேறுபாடும் மார்வெல் கொண்டு வந்த கூட்டம்தான் என்பதையே நான் முதலிலிருந்து சொல்கிறேன். தவிர, லீத்தல் வெப்பனின் வெற்றியில் இயக்குநர் ரிச்சர்ட் டோனருக்கும் நாயகனாக நடித்த மெல் கிப்சனுக்கும் பங்கே இல்லையா? இரண்டாம் பாகத்துக்கு பிளாக் எழுதிய வடிவத்தில் நாயகன் ரிக்ஸ் இறந்துபோகிறான். நிறுவனம் அதை ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார், ஜெஃப்ரி போம் திரைக்கதையை எழுதினார். 1989-ல் அந்தப் படம் உலகெங்கும் 22 கோடி டாலரைக் கடந்தது. பிளாக்கின் திரைக்கதையை ஒதுக்கிவிட்டு எடுத்த படம், அவர் திரைக்கதையை வைத்து எடுத்த படத்தை விட அதிகம் சம்பாதித்தது. இதற்கு உங்கள் விளக்கம் என்ன?

பழைய ரசிகன்:
ரிக்ஸையும் அவன் கூட்டாளி மர்ட்டாவையும் படைத்தவர் யார்? இரண்டாம் பாகத்துக்கு மக்கள் வந்தது அந்த இருவரைப் பார்க்கத்தானே தவிர ஜெஃப்ரி போமைப் பார்க்க அல்ல. இரண்டாம் பாகத்தின் கதைக்கும் வாரன் மர்ஃபியோடு பிளாக்கின் பெயர் திரையில் வருகிறது. அதன் வசூலை அவர் கணக்கில் சேர்க்காமல் விட்டதே திரைநேசன் செய்த பெருந்தவறு. என்னை விட்டால் 190 கோடியோடு இதையும் கூட்டியிருப்பேன்.

அருள்மொழி:
கதிரவன் அண்ணா, உங்கள் தராசு ஒரு பக்கம் மட்டும் சாய்கிறது. 'லாஸ்ட் ஆக்‌ஷன் ஹீரோ' 1993 ஜூன் 18-ல் வெளியானது; அதற்கு ஒரு வாரம் முன்புதான் 'ஜுராசிக் பார்க்' வந்து திரையரங்குகளை வளைத்துப் பிடித்திருந்தது. எட்டரைக் கோடி டாலர் செலவான அந்தப் படம் அமெரிக்காவில் ஐந்து கோடிதான் ஈட்டியது. மூலக் கதை சாக் பென், ஆடம் லெஃப் இருவருடையது; பிளாக்கும் டேவிட் ஆர்னட்டும் அதைத் திருத்தி எழுதியவர்கள். வெற்றியில் எழுத்தாளருக்குப் பங்கு இல்லை என்றால் இந்தத் தோல்வியிலும் இருக்கக் கூடாது. ஆனால் உங்கள் 70 கோடிக் கணக்கில் அதைத் தயங்காமல் பிளாக்கின் படமாகச் சேர்த்துவிட்டீர்கள். 'அயர்ன் மேன் 3' மட்டும் மார்வெலின் படமாம்.

நெல்லைக் கதிரவன்:
அருள்மொழி, 'லாஸ்ட் ஆக்‌ஷன் ஹீரோ'வையும் எடுத்துவிடுங்கள், எனக்கு மறுப்பில்லை. மிச்சத்தைப் பாருங்கள். 'தி மான்ஸ்டர் ஸ்குவாட்' நாற்பது லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. 'தி லாங் கிஸ் குட்நைட்' திரைக்கதையை 40 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார்கள், அன்று வரை எந்தத் திரைக்கதைக்கும் கொடுக்காத விலை அது. ஆறரைக் கோடி செலவழித்து எடுத்த படம் 1996-ல் அமெரிக்காவில் மூன்றரைக் கோடியைக்கூடத் தொடவில்லை. 'கிஸ் கிஸ் பேங் பேங்' போட்ட ஒன்றரைக் கோடியை உலகம் முழுவதும் சுற்றி வந்துதான் ஒருவாறு திரட்டியது. இந்த வசூலில் திரையரங்குகள் தம் பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். இதுதான் மார்வெல் இல்லாத பிளாக்.

திரைநேசன்:
'கிஸ் கிஸ் பேங் பேங்' இல்லாவிட்டால் அதில் நாயகனாக நடித்த டவுனியின் திரை மறுவாழ்வே இப்படி அமைந்திருக்காது என்று கருதுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். 'அயர்ன் மேன் 3'-ஐப் பற்றி ஒன்று கேட்கிறேன். படத்தின் பெரும்பகுதியில் நாயகன் ஸ்டார்க் கவசம் இல்லாமல் அலைகிறான், அதில் ஒரு பகுதி டென்னசியில் ஒரு சிறுவனின் துணையோடு. கதை கிறிஸ்துமஸ் காலத்தில் நடக்கிறது. இறுதியில் இரு நண்பர்கள் துப்பாக்கியோடு துறைமுகத்துக்குள் நுழைகிறார்கள். இவை அவர் படங்களில் வழக்கமாக வருபவை; இது முழுக்க முழுக்க பிளாக்கின் கை. முதல் மூன்று நாள் கூட்டத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மட்டும் அதன் பிறகு 23 கோடி டாலருக்கு மேல் வந்ததே, அது படத்தைப் பார்த்தவர்கள் சொல்லக் கேட்டு வந்த கூட்டம் அல்லவா?

நெல்லைக் கதிரவன்:
இல்லை. 'அயர்ன் மேன் 2' தன் அமெரிக்க வசூலில் நூற்றுக்கு 41 பங்கை முதல் மூன்று நாட்களில் பெற்றது, மூன்றாம் படம் 43 பங்கைப் பெற்றது. வாய்வழிப் பாராட்டு ஓங்கியிருந்தால் இந்த விகிதம் குறைந்திருக்க வேண்டும். 2008-ல் வந்த முதல் படத்துக்கு அது 31 பங்குதான். சீனாவில் கிடைத்த 12 கோடியையும் மறக்க வேண்டாம். அங்கே ஃபான் பிங்பிங் முதலிய சீன நடிகர்களின் கூடுதல் காட்சிகளோடு தனி வடிவமே வெளியானது; அதுவும் நிறுவனத்தின் வணிகத் திட்டம்தான். இந்த 121 கோடியை எந்தப் பக்கமிருந்து புரட்டினாலும் மார்வெலின் முத்திரையே தெரிகிறது.

அருள்மொழி:
விகிதங்களை வைத்து எங்களுக்கு வகுப்பெடுக்கும் வழக்கத்தை எப்போது விடப்போகிறீர்கள்? 'தி நைஸ் கைஸ்' 2016-ல் 'ஆங்ரி பேர்ட்ஸ்' படத்தோடும் 'நெய்பர்ஸ் 2' படத்தோடும் ஒரே வெள்ளிக்கிழமையில் தள்ளிவிடப்பட்டது. ஐந்து கோடி செலவுக்கு உலகெங்கும் ஆறேகால் கோடிதான் வந்தது. அண்மைக்காலத்தில் அதைவிடக் கூர்மையான உரையாடலை நான் எந்தத் துப்பறியும் படத்திலும் கேட்டதில்லை. இதற்கும் எழுத்தாளரைத்தான் குறை சொல்வீர்களா?

நெல்லைக் கதிரவன்:
நான் உரையாடலின் தரத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வசூலை வைத்துப் பிளாக்கைப் புகழ்ந்து எழுதியவர் திரைநேசன். எட்டேமுக்கால் கோடி செலவான 'தி பிரிடேட்டர்' 2018-ல் 16 கோடி ஈட்டியது, அதையும் வெற்றி என்றுதான் அவர் பட்டியலில் வைத்திருக்கிறார். 2025-ல் பிளாக்கின் 'ப்ளே டர்ட்டி' நேராக அமேசான் பிரைமுக்குச் சென்றது. 'அயர்ன் மேன் 3' பிளாக்கின் வெற்றியாக இருந்திருந்தால், அதற்குப் பிந்தைய இரண்டு திரையரங்குப் படங்களுக்கும் அந்த ஐந்து கோடிப் பேரில் பத்தில் ஒருவராவது தொடர்ந்து வந்திருக்க வேண்டாமா?

பழைய ரசிகன்:
லீத்தல் வெப்பன் இரண்டாம் பாகத்தைச் சேர்ப்பதா இல்லையா என்று நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

திரைநேசன்:
சேர்க்கலாம் ஐயா, தாராளமாகச் சேர்க்கலாம். அப்போது மொத்தம் 210 கோடியைத் தாண்டும். 'தி பிரிடேட்டர்' பற்றிக் கதிரவன் சொன்னதற்கு நாளை விரிவாக எழுதுகிறேன். அதற்குள் அவர் ஒன்றை மட்டும் தெளிவுபடுத்தட்டும்: 121 கோடி மார்வெலுடையது என்றால், அதே மார்வெல் 'தோர்' இரண்டாம் பாகத்துக்கு ஏன் 64 கோடியோடு நின்றது?