பாக்டீரியச் சிறுநீர்: 'தொற்று' என்ற சொல் வேண்டாமே

அன்புள்ள நண்பர்களுக்கு,

எந்த அறிகுறியும் இல்லாமல் சிறுநீரில் பாக்டீரியா மட்டும் இருக்கும் நிலைக்கு (asymptomatic bacteriuria) தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் பேச்சில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> 'அறிகுறியற்ற சிறுநீர்த் தொற்று' என்றே வைத்துக்கொள்ளலாமே. தொற்றுதல் என்றால் ஒட்டிக்கொள்வதுதானே?

வேர்ப்பொருள் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆய்வக அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர் 'தொற்று' என்று படித்ததும், "எத்தனை நாள் மாத்திரை?" என்றுதான் கேட்பார். சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கும்போது நான் சிக்கிய இடமும் இதுதான். எடுத்துக்காட்டு அறிக்கையில் இ.கோலை என்ற பாக்டீரியா, ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 1,00,000க்கு மேல். காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவும் ஏறவில்லை. என் வரைவில் வந்து நின்ற வாக்கியம்: "தொற்று உள்ளது, மருந்து தேவையில்லை." படிப்பவர் பதறிப்போவார்.

இங்கே சொல்தான் மருந்தின் நாள்களை முடிவுசெய்கிறது. மாற்றுச் சிறுநீரகத்திலேயே அழற்சி என்றால் பெரும்பாலும் 14 நாள், சிலருக்கு அதற்கு மேலும். சிறுநீர்ப்பையோடு நின்றால் அதைவிடக் குறைவு. அறிகுறியே இல்லாமல் பாக்டீரியா மட்டும் இருந்தால், அறுவைக்கு ஒரு மாதம் கடந்தவர்களுக்குப் பரிசோதித்துத் தேடவும் வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்கிறது அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 199 பேரிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்விலும், ஆன்டிபயாட்டிக் கொடுத்ததால் பின்னால் வரும் அறிகுறியுள்ள தொற்று குறையவில்லை; மருந்துக்கு மசியாத பாக்டீரியாதான் கூடியது. அந்த ஆபத்தை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அதனால் என் பரிந்துரை 'பாக்டீரியச் சிறுநீர்'. புரதச் சிறுநீர், குருதிச் சிறுநீர் என்று ஏற்கெனவே எழுதுகிறோம், அதே அச்சு. என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லும், நோய் என்று தீர்ப்பு சொல்லாது. 'பாக்டீரியா'வுக்குப் பதில் 'கிருமி' என்றாலே ஒழிக்க வேண்டியது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 'நுண்ணுயிர்' என்றால் கேண்டிடா போன்ற பூஞ்சையும் உள்ளே வந்துவிடும். அது வேறு கணக்கு.

'அறிகுறியற்ற' என்பதற்குப் பதில் 'வலியில்லா' போடலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். எளிமைதான், ஆனால் மாற்றுச் சிறுநீரகத்துக்கு அது ஆபத்தான சொல். கொடையாளர் உடலிலிருந்து எடுக்கும்போதே அந்தச் சிறுநீரகத்தின் நரம்புகள் அறுபடுகின்றன. வைப்பதும் விலாவுக்குக் கீழே அல்ல, அடிவயிற்றின் ஒரு பக்கத்தில். எனவே வழக்கமான விலாவலி வராமலே அழற்சி முற்றலாம். நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளால் காய்ச்சலும் மட்டுப்பட்டுத் தெரியலாம். வலி இல்லை என்பதும் அறிகுறி இல்லை என்பதும் இங்கே ஒன்றல்ல. 'அறிகுறியற்ற' அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், மருந்தைத் தொடர்ந்து இத்தனை நாள் எடுப்பதைக் குறிக்கும் 'கோர்ஸ்' என்பதற்கு வந்த 'தவணை'. தடுப்பூசியில் 'இரண்டாம் தவணை' என்றால் ஓர் ஊசி. அதையே பத்து நாள் மாத்திரைக்கும் சொன்னால் குழப்பம். 'மருந்து நாளளவு' போதும் என்று நினைக்கிறேன். "நாளளவு 7" என்று அட்டவணையில் போட்டால் யாருக்கும் புரியும்.

'அறிகுறியற்ற பாக்டீரியச் சிறுநீர்' நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். பொருள் கெடாமல் சுருக்க யாருக்காவது வழி தெரிந்தால் எழுதுங்கள். அச்சுக்குப் போகுமுன் கையேட்டில் மாற்றிவிடுகிறேன்.