வக்கீல் லெட்டர் வந்திருக்கு: அந்த நீலப் பொம்மை விட்ஜெட்டை வெச்சுக்கவா, தூக்கிடவா?

கரூர்_தறி
எல்லாருக்கும் வணக்கமுங்க. கரூர்ல கிச்சன் டவல், டேபிள் கிளாத், ஏப்ரன் பண்றோம். 2021ல இருந்து ஷாப்பிஃபைங்கற ஆன்லைன் கடைத் தளத்துல கடை போட்டு நேரா அமெரிக்காவுக்கு விக்கிறோம். ஒன்றரை வருஷம் முன்னாடி ஒருத்தரு வந்து, "இந்த அக்சசிபிலிட்டி விட்ஜெட்டைப் போட்டுட்டா பார்வை இல்லாதவங்களும் வாங்கலாம், கேஸும் வராது"ன்னு போட்டுக் கொடுத்தாருங்க. வலது மூலையில நீல வட்டம், நடுவுல கையை விரிச்ச பொம்மை. மாசம் 49 டாலர். இதுவரைக்கும் 882 டாலர் கட்டியாச்சு.

போன வாரம் நியூயார்க்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல இருந்து லெட்டர். ஸ்கிரீன் ரீடர் (திரையில இருக்கறதைக் குரல்ல படிக்கிற சாஃப்ட்வேர்) வெச்சிருக்கிற ஒருத்தரு எங்க டவலை வாங்கப் பார்த்து முடியலையாம். விட்ஜெட் கம்பெனியைக் கேட்டா "ப்ரீமியம் பிளானுக்கு மாறுங்க"ங்கறாங்க. மாறட்டுமா, இல்ல இதையே தூக்கிட்டு வேற வழி பார்க்கட்டுமா? கடை லிங்க் தனிச்செய்தியில கேக்கறவங்களுக்குத் தர்றேனுங்க.

பட்ஜெட்_பாண்டி
அண்ணே, பதறாதீக. மதுரையில ஏஜென்சி வச்சிருக்கேன், நாப்பது கடைக்கு மேல இந்த மாதிரி விட்ஜெட் போட்டுக் குடுத்திருக்கேன், ஒருத்தருக்கும் லெட்டர் வரல. உங்களுக்கு வந்தது நேரம் சரியில்ல, அம்புட்டுதான். இதை எடுத்துட்டா "முன்னாடி ஏதோ முயற்சியாச்சும் பண்ணுனான், இப்ப அதையும் எடுத்துட்டான்"னு ஆயிரும். இருக்கட்டும்னு விட்ருங்க.

முன்பக்கம்
பாண்டி அண்ணே, நாப்பது பேருக்கு லெட்டர் வரலைங்கறது விட்ஜெட்டோட சாதனை இல்லை. ஹெல்மெட் போடாம நாப்பது தடவை வீடு வந்து சேர்ந்த கதை அது.

தறி அண்ணா, அது என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சா முடிவு நீங்களே எடுத்துருவீங்க. உங்க பக்கம் முழுசா லோடு ஆனதுக்கு அப்புறம், ஒரு வரி ஸ்கிரிப்ட் வந்து பிரவுசருக்குள்ள இருக்கிற பக்கத்தைத் தடவிப் பார்த்து, "இது பட்டன் மாதிரி இருக்கு, இது படம் மாதிரி இருக்கு"ன்னு குத்துமதிப்பா ஒட்டுப் போடுது. உங்க தீம் (கடையோட வடிவமைப்பு) கோடுல ஒரு எழுத்தையும் அது தொடாது. புண்ணுக்குப் புனுகு பூசுற வேலை.

இது என் சொந்தக் கடுப்பு மட்டும் இல்லை. இந்த வியாபாரத்துல பெரிய பேரான ஆக்சஸிபீ மேல அமெரிக்காவோட வர்த்தக ஆணையம் எஃப்டிசி நடவடிக்கை எடுத்து, 2025 ஜனவரியில 10 லட்சம் டாலர் கட்டணும்னு அறிவிச்சது. எங்க விட்ஜெட்டைப் போட்டா எந்தச் சைட்டும் டபிள்யூசிஏஜிங்கற வெப் அணுகல் விதிப்படி ஆயிரும்னு விளம்பரம் பண்ணினதும், காசு கொடுத்து எழுத வெச்ச விமர்சனங்களை நடுநிலை ஆளுங்க எழுதின மாதிரி காட்டினதும்தான் குற்றச்சாட்டு. அதே வருஷம் ஏப்ரல்ல உத்தரவு இறுதி ஆச்சு. உங்ககிட்ட வந்தவர் சொன்ன வசனமும் கிட்டத்தட்ட அதேதானே?

விரல்நுனி
நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன், திருச்சி. பன்னிரண்டு வருஷமா என்விடிஏங்கிற ஸ்கிரீன் ரீடர்தான். தறி சார்கிட்ட லிங்க் வாங்கி நேத்து ராத்திரி கடைக்குள்ள போனேன். நடந்ததை அப்படியே எழுதறேன்.

உள்ள நுழைஞ்சதும் முதல் குரல் பொம்மையோடது: ஸ்கிரீன் ரீடர் மோடுக்கு இந்தக் கீயை அழுத்துங்கன்னு. அழுத்தலை, முதல்ல சும்மா பார்ப்போம்னு. நாலு டவல் செட் பக்கம். பேர் படிச்சுது, விலை படிச்சுது. அப்புறம் "கலர்"னு ஒரு சொல். அதுக்குக் கீழே ஒன்னுமே இல்லை. டேப் அடிச்சா கலரைத் தாண்டி நேரா எண்ணிக்கைக்குப் போயிருச்சு: "பட்டன்... எடிட் ஒன்று... பட்டன்". எது கூட்டறது, எது குறைக்கிறது? தெரியாது.

சரின்னு பொம்மை சொன்ன கீயை அழுத்தினேன். இப்போ கலருக்குக் கீழே குரல் வந்துச்சு. "பட்டன். பட்டன். பட்டன். பட்டன். பட்டன்." அஞ்சு கலர் இருக்குன்னு தெரிஞ்சுது, அவ்வளவுதான் லாபம். படத்துல இறங்கினா "மேசை மேல் வெள்ளைத் துணி"ங்கிற அர்த்தத்துல இங்கிலீஷ்ல ஏதோ சொல்லுது. அஞ்சு படத்துக்கும் அதையே.

மூணாவது பட்டனை அழுத்திட்டு "ஆட் டு கார்ட்" கொடுத்தேன். அமைதி. மறுபடி கொடுத்தேன். அமைதி. தங்கச்சியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னா, வலப்பக்கம் கார்ட் திறந்து நிக்குதாம், உள்ளே ரெண்டு செட் இருக்காம். என் ஃபோகஸ் (கீபோர்டு நிக்கிற இடம்) இன்னும் பின்னாடி இருக்கிற பக்கத்துலயே உலாத்திட்டு இருந்திருக்கு.

லெட்டர் போட்ட ஆள் பொய் சொல்லலை சார்.

கரூர்_தறி
படிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேனுங்க. அஞ்சு கலருக்கும் பேரு நாந்தான் உக்காந்து யோசிச்சு வெச்சேன். கார்ட் பக்கத்துல பேரு வருதே, அங்க மட்டும் எப்படி வரலை?

முன்பக்கம்
இந்த மொத்த விவகாரமும் அந்தக் கேள்விக்குள்ளதான் இருக்கு அண்ணா. பேரு உங்க கடை டேட்டாவுல பத்திரமா இருக்கு. தீம் எழுதினவர் ஸ்வாட்ச் (கலர் தேர்ந்தெடுக்கிற கட்டம்) வரைஞ்சப்போ ஒரு டிவ் (வெறும் பெட்டி) போட்டு, பின்னணி நிறத்தை மட்டும் கொடுத்துட்டு, பேரை அச்சடிக்காம விட்டுட்டார். பிரவுசருக்கு வந்து சேர்றது வெறும் நிறக் கட்டம். விட்ஜெட் அங்க வந்து எவ்வளவு முட்டினாலும் அது "பட்டன்"னு முத்திரை குத்தலாமே தவிர, இல்லாத பேரை எங்கிருந்து எடுக்கும்? சர்வர் பக்கம் தீம் ஃபைல்ல ஒரே ஒரு இடத்துல பேரை எழுத வெச்சா 200 சரக்குக்கும் சரியாயிரும்.

இன்னொன்னு. தீம்ல போட்ட ஸ்கிரிப்ட் ஷாப்பிஃபையோட செக்அவுட் பக்கத்துக்குள்ள போகாது. அதாவது காசு கட்டுற இடத்துல உங்க பொம்மை கூட வர்றதே இல்லை.

பட்ஜெட்_பாண்டி
தம்பி, நீ சொல்றது தப்புன்னு நான் சொல்லல. ஆனா கடைக்காரன் நிலைமையில இருந்து பாரு. ஒரு கடையில பதினஞ்சு ஆப் ஓடும். ரிவியூ ஒருத்தன் ஆப், பாப்அப் இன்னொருத்தன் ஆப், சைஸ் சார்ட் வேற ஒருத்தன். அதுல எதையும் நம்ம திருத்த முடியாது. தீமைத் தொட்டா அடுத்த அப்டேட்ல மொத்தமும் போயிரும். டெவலப்பர் கேக்குற காசுக்கு விட்ஜெட் ரெண்டு மூணு வருஷம் ஓடிரும்.

இன்னொரு கணக்கும் சொல்றேன். வெப்எய்ம்னு ஒரு அமைப்பு வருஷா வருஷம் பத்து லட்சம் முகப்புப் பக்கத்தைச் சோதிக்குது. 2025ல 94.8 சதவீதத்துல தப்பு. ஊரே அம்மணம். எவன் திருத்தினாலும் ஏதோ ஒரு மூலையில ஒரு தப்பு கெடக்கும், கேஸ் போடுறவன் போடத்தான் போறான். அப்புறம் எதுக்கு இந்தத் தலைவலி?

எங்கப்பாருக்கு எழுபத்திரண்டு வயசு. அந்தப் பொம்மையைத் தட்டி எழுத்தைப் பெருசாக்கித்தான் எல்லாம் படிக்கிறாரு. அவருக்கு உதவுதுல்ல?

முன்பக்கம்
அப்பா விஷயம் ஒத்துக்கறேன். போன்லயே எழுத்தைப் பெருசாக்கலாம்னு நாம சொல்லிட்டுப் போயிருவோம், செட்டிங்ஸ்க்குள்ள போய் அதைத் தேடி எடுக்கிறது எல்லாருக்கும் வராது. நம்ம அரசாங்க சைட்டுகள்ல மேல ஏ பிளஸ், ஏ மைனஸ் இருக்கே, அந்த மாதிரி ஒன்னு வேணும்னா வைங்க. ஆனா எழுத்தைப் பெருசாக்குற பட்டன்னு சொல்லி வில்லுங்க. "கேஸ் வராது"ன்னு சொல்லி விக்காதீங்க.

ஆப் விஷயமும் நியாயம்தான், அதுக்கு எங்கிட்ட முழுப் பதில் இல்லை. ஆப்காரனுக்கு மெயில் போடணும், திருத்தலைன்னா ஆப்பை மாத்தணும். அது வலிதான்.

94.8 கணக்கு ரெண்டு பக்கமும் வெட்டும் அண்ணே. அதே அறிக்கையில முதல் இடம் வெளிறின எழுத்துக்கு. அப்புறம் ஆல்ட் (படத்தை விவரிக்கிற வாசகம்) இல்லாத படம், லேபிள் இல்லாத கட்டம், பேர் இல்லாத லிங்க், பேர் இல்லாத பட்டன், பக்கத்தோட மொழியைச் சொல்லாம விட்டது. திரும்பத் திரும்ப இந்த ஆறுதான். ராக்கெட் விடச் சொல்லலை.

நியூஜெர்சி_சித்தப்பா
நான் வக்கீல் இல்லை, ஆனா ஒரு சட்ட அலுவலகத்தில் ஐடி வேலை. பாண்டி, "முயற்சியாச்சும் பண்ணினான்" என்று நீங்கள் சொன்ன கேடயம் இங்கே ரொம்ப நாள் நிற்கவில்லை. ஐபாப்ஸ் என்று ஒரு ஆன்லைன் மூக்குக்கண்ணாடிக் கடை (ஆமாம், கண்ணாடிக் கடைதான்). ஓவர்லே (இந்த மாதிரி விட்ஜெட்டுக்கு இன்னொரு பெயர்) போட்டிருந்தும் 2021ல் பென்சில்வேனியாவில் வழக்கு வந்தது. ஓவர்லே எங்கெங்கே பல்லிளிக்கிறது என்று நிபுணர் அறிக்கையோடு வந்தார்கள். கடைசியில் ஆலோசகர் வைத்து, ஆய்வு செய்து, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதாக ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று. அதே வருஷம் சான்ஃபிரான்சிஸ்கோ லைட்ஹவுஸ் என்ற பார்வையற்றோர் அமைப்பும் ஏடிபி என்ற சம்பளக் கணக்கு மென்பொருள் கம்பெனியும் செய்த சமரசத்தில், இந்த மாதிரி ஓவர்லேக்கள் போதாது என்று பேரைச் சொல்லியே எழுதிவிட்டார்கள். அமெரிக்கப் பார்வையற்றோர் கூட்டமைப்பு தன் மாநாட்டுக்கு ஆக்சஸிபீ கொடுத்த ஸ்பான்சர்ஷிப்பை ரத்து செய்ததும் 2021தான்.

தறி, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்தியச் சட்டமான ஏடிஏ 1990ன்படி கடை மேல் தனி ஆள் போடும் வழக்கில் நஷ்டஈடு கிடையாது. சரி செய் என்ற உத்தரவும் வக்கீல் செலவும்தான். ஆனால் அந்த வக்கீல் செலவுதான் ஆளை முழுங்கும். மாநிலச் சட்டங்கள் தனி. கலிஃபோர்னியாவில் குறைந்தது 4,000 டாலர். நீங்கள் கரூரில் இருப்பதால் என்ன ஆகும் என்பதை இங்கே யாரிடமும் கேட்காதீர்கள், அங்கே ஒரு வக்கீலைப் பிடியுங்கள். பதில் போடாமல் மட்டும் விடாதீர்கள்.

பட்ஜெட்_பாண்டி
அப்ப இந்த வக்கீல்கள் எல்லாம் புண்ணியவானா? ஒரே லெட்டரை நூறு கடைக்குப் பேரை மாத்தி மாத்தி அனுப்புறாய்ங்க சித்தப்பா.

நியூஜெர்சி_சித்தப்பா
அனுப்புகிறார்கள். அதை வைத்துப் பிழைப்பவர்கள் இங்கே நிறைய. அந்த பயத்தை வைத்து விட்ஜெட் விற்றுப் பிழைப்பவர்களும் நிறைய.

விரல்நுனி
கேஸ், கேஸ்னே போயிட்டு இருக்கு. நான் கேஸ் போடப் போறதில்லை, டவல் வாங்கத்தான் போனேன். இது அமெரிக்கா சங்கதின்னும் நினைக்காதீங்க. ராஜீவ் ரதூரி வழக்குல 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையா இருக்கக் கூடாது, கட்டாயமா இருக்கணும்னு சொல்லிருச்சு. 2025 ஏப்ரல் 30 தீர்ப்புல டிஜிட்டல் அணுகல் அரசியலமைப்போட 21ஆம் பிரிவுக்குள்ளேயே (வாழும் உரிமை) வரும்னு சொன்னாங்க. நம்ம ஊர்க் கடைகளுக்கும் இது வந்து சேரும்.

பாண்டி அண்ணே, உங்க நாப்பது கடையில தமிழ்ல நடக்கிறது எத்தனை? தமிழ்ப் பக்கத்துக்கு மொழி இங்கிலீஷ்னு குறிச்சிருந்தா என் குரல் மாறாது, இங்கிலீஷ் குரல் தமிழைக் கடிச்சுத் துப்பும். அதைச் சரி பண்ண ரெண்டு எழுத்து மாத்தினா போதும். மாசா மாசம் பணம் வாங்குறதுக்குப் பதிலா அந்த ரெண்டு எழுத்தை மாத்திக் கொடுத்திருக்கலாம்.

பட்ஜெட்_பாண்டி
பதினொன்னு தமிழ்க் கடை. பாக்குறேன்.

கரூர்_தறி
பன்னெண்டு நாள் கழிச்சு வர்றேனுங்க. அங்க ஒரு வக்கீலைப் பிடிச்சு பதில் போட்டாச்சு, அந்தக் கதை இன்னும் ஓடிட்டு இருக்கு. விட்ஜெட்டைத் தூக்கியாச்சு. ஈரோட்டுல ஒரு பொண்ணு, ஃப்ரீலான்ஸ் டெவலப்பர், தீம் காப்பி ஒன்னு எடுத்து அஞ்சு நாள் வேலை பண்ணுச்சு. நான் கட்டின 882 டாலரை விடக் கம்மிதானுங்க ஆச்சு.

கலர் கட்டமெல்லாம் இப்ப பேரோட ரேடியோ பட்டன். கூட்டல் கழித்தலுக்குப் பேரு வெச்சாச்சு. கார்ட் திறந்தா ஃபோகஸ் உள்ள போகுது, மூடினா பழைய இடத்துக்கே வருதுங்க. தள்ளுபடி விலை #999999 சாம்பல்ல இருந்துச்சு. அது வெள்ளை மேல கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசம்) 2.85தான் வருமாம், 4.5 வேணுமாம். #767676 ஆக்கினோம், 4.54. பார்த்தா எனக்கே இப்பத்தான் விலை தெளிவாத் தெரியுது! படத்துக்கு வாசகம் நானும் வூட்டுக்காரம்மாவும் ராத்திரி உக்காந்து எழுதினோம், 340 படம். நெசவு, கரை, தொங்கல் எல்லாம் எங்களுக்குத்தானே தெரியும்.

ரிவியூ ஆப் மட்டும் பாண்டிண்ணன் சொன்ன மாதிரியே. மெயில் போட்டு எட்டு நாள் ஆச்சு, பதிலே இல்லை. ஸ்டார் எல்லாம் இன்னும் "கிராபிக், கிராபிக்"ன்னுதான் படிக்குது.

பட்ஜெட்_பாண்டி
அதான் சொன்னேன்.

முன்பக்கம்
ஆமா, சொன்னீங்க. ஸ்டார் படிக்கலைன்னா ரிவியூ போச்சு. கலர் படிக்கலைன்னா வியாபாரமே போச்சு. எதை முதல்ல பிடிக்கணும்ங்கறதுதான் வித்தியாசம் அண்ணே.

விரல்நுனி
இப்போ போய்ட்டு வந்தேன். தங்கச்சியைக் கூப்பிடாம கார்ட் வரைக்கும் போயிட்டேன், "கார்ட்டில் 1 பொருள்"னு அதுவே சொல்லுச்சு. ஒரு சந்தேகம் சார். நாலாவது கலருக்கு "ஆஷ் ரோஸ்"னு பேர் வெச்சிருக்கீங்க. அது சாம்பலா, ரோஸா? எனக்கு நிறம் தெரியாது, அம்மாவுக்கு வாங்கறேன், அவங்க சாம்பல்னா தொடமாட்டாங்க.

கரூர்_தறி
பாவு சாம்பல், ஊடை ரோஸுங்க. தள்ளி நின்னு பார்த்தா ரோஸ்தான் தூக்கலாத் தெரியும். அதையும் படத்து வாசகத்துல சேர்த்துடறேன். செக்அவுட்ல திருச்சி பின்கோடு எடுக்காதுங்க, அமெரிக்காவுக்கு மட்டும்தான் வெச்சிருக்கு. அட்ரஸைத் தனிச்செய்தியில போடுங்க, பார்சல்ல போட்டு விடறேன்.