குளோரின் அடித்தால் எதிர்ப்பு மரபணு போய்விடுமா?

ஷிஃப்ட்_இன்சார்ஜ்:
ஹைதராபாத் பக்கம் பல்க் டிரக் (மருந்து மூலப்பொருள்) யூனிட் ஒன்றில் இ.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு) பார்க்கிறேன். படித்தது கெமிக்கல், பயாலஜியில் கொஞ்சம் வீக். சிப்ரோஃப்ளாக்சசின் (சிப்ரோ) என்ற ஆன்டிபயாடிக் லைன் கழிவும் மற்ற கழிவும் ஈக்வலைசேஷன் டேங்கில் ஒன்றாகச் சேர்ந்துதான் ஏரேஷனுக்குப் (காற்றூதி பாக்டீரியாவைக் கொண்டு கழிவைச் சிதைக்கும் தொட்டி) போகிறது. பி.ஓ.டி., சி.ஓ.டி. என்ற மாசு அளவுகள் எல்லாம் வரம்புக்குள். ஆடிட்டுக்கு வந்த ஒருவர் ஆன்டிபயாடிக்கால் சாகாமல் பாக்டீரியாவைக் காக்கும் எதிர்ப்பு மரபணு பற்றிக் கேட்டுவிட்டுப் போய்விட்டார், கடைசித் தொட்டியில் குளோரினைக் கூட்டிவிடலாம் என்று மேலே சொல்கிறார்கள். பாக்டீரியா செத்தால் மரபணுவும் போய்விடும், இல்லையா?

பிளாஸ்மிட்:
போகாது. குளோரினோ யு.வி.யோ, செல்லைக் கொல்ல ஆகும் அளவு வேறு, உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வைச் சிதைக்க ஆகும் அளவு வேறு, இது ரொம்ப அதிகம். செத்த செல் உடைந்து வெளியே வரும் டி.என்.ஏ.வை உயிரோடு இருக்கும் இன்னொரு பாக்டீரியா எடுத்துக்கொள்ளவும் முடியும். அதைவிடப் பெரிய தலைவலி உங்கள் ஏரேஷன் டேங்க். அங்கே ஸ்லட்ஜ் என்ற கசடில் கோடிக்கணக்கான பாக்டீரியா ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, நாள் முழுக்க சிப்ரோ வந்து விழுகிறது. எதிர்ப்பு உள்ளது மட்டும் தழைக்கும், பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையம் வழியாகப் பக்கத்தில் இருப்பதற்கும் அதைக் கொடுக்கும். இதை விட்டுவிட்டுக் கடைசியில் குளோரின் ஊற்றுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை.

உங்கள் பக்கத்துப் பட்டான்செருவையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவு வந்து சேர்ந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையம் பற்றி ஸ்வீடனின் லார்சன் குழு 2007இல் எழுதியது. சுத்திகரித்து வெளியே விட்ட தண்ணீரிலேயே சிப்ரோ லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை! மாத்திரை சாப்பிடுகிறவர் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. நாளொன்றுக்குச் சுமார் 45 கிலோ, அன்றைய ஸ்வீடன் முழுக்க 5 நாள் சாப்பிடும் அளவு. பாக்டீரியா வேலை நன்றாக ஓட வேண்டும் என்று அங்கே வீட்டுச் சாக்கடையையும் கலந்தார்கள், அதாவது மனிதக் குடல் பாக்டீரியாவை நேராக அந்த மருந்துத் தண்ணீரில் கொண்டுவந்து விட்டார்கள். 2013இல் வந்த இன்னொரு ஆய்வில் அந்த நிலையத்துப் பாக்டீரியாவை 39 ஆன்டிபயாடிக்குகளில் போட்டுப் பார்த்தார்கள், 86 சதவீதம் 20 அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளுக்கு அசையவில்லை.

இருபது_வருஷ_ஈடிபி:
எல்லாம் சரி தம்பி, கட்டாயம் என்று யார் சொன்னது? மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2020 ஜனவரி வரைவு அறிவிக்கையில் ஆன்டிபயாடிக் எச்சத்துக்கு வரம்பு இருந்தது, 2021 ஆகஸ்டில் இறுதி அறிவிக்கை வந்தபோது அதைக் காணோம். சட்டம் கேட்காததற்கு எந்த முதலாளி காசு எடுப்பார்? சரக்கு வாங்குகிறவன் கேட்டால்தான் நகரும், அந்த வகையில் ஆடிட்டர் கேட்டது நல்லதே. அப்புறம், இசட்.எல்.டி. (கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாடு) இருக்கிறது, ஒரு சொட்டு வெளியே போகாது என்பார்கள். தண்ணீர் போகாது, ஸ்லட்ஜ் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

ஷிஃப்ட்_இன்சார்ஜ்:
சரி, பெரிய கேபெக்ஸ் (முதலீட்டுச் செலவு) இல்லாமல் எங்கே ஆரம்பிப்பது?

பிளாஸ்மிட்:
சிப்ரோ லைனை முதலில் தனியாகப் பிரியுங்கள், ஈக்வலைசேஷனில் கலந்த பிறகு எதைச் செய்தாலும் செலவு எகிறும். பென்சிலின் வகை என்றால் காரத்தில் சூடாக்கினால் மூலக்கூறின் வளையம் திறந்து வீரியம் போய்விடும். சிப்ரோ அப்படி மசியாது, ஓசோனோ ஃபென்டனோ (இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும்) வேண்டும். அது ஸ்லட்ஜில் நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்பதையும் மறக்காதீர்கள், தண்ணீர் ரிப்போர்ட்டில் குறைந்த மாதிரி தெரிவதில் பெரும் பங்கு ஸ்லட்ஜில்தான் உட்கார்ந்திருக்கும். அதை உரம் என்று வயலுக்கு அனுப்பவே கூடாது, எரிக்கத்தான் வேண்டும்.

வீரியம் போனதா என்று பார்க்க உங்கள் கியூ.சி. மைக்ரோ லேப் போதும். ஈ.கோலை பரப்பிய அகார் தட்டில் சின்னக் குழி போட்டு, முன்சுத்திகரிப்பு முடிந்த தண்ணீரை ஊற்றி, ராத்திரி முழுக்க 37 டிகிரியில் வையுங்கள். காலையில் குழியைச் சுற்றித் தெளிந்த வளையம் தெரிந்தால் மருந்து இன்னும் வேலை செய்கிறது, ஏரேஷனுக்கு விடாதீர்கள். வளையம் இல்லை என்பதற்காக ஆடிட்டரிடம் மார்தட்டவும் வேண்டாம், எதிர்ப்பு உருவாகாமல் இருக்க சிப்ரோவுக்கு ஆய்வாளர்கள் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராம், அதை எல்.சி.எம்.எஸ். என்ற நுண்ணளவுக் கருவியில்தான் பிடிக்க முடியும். மரபணு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க கியூ.பி.சி.ஆர். சோதனைக்கு வெளி லேபில் கொடுங்கள். ஏரேஷனுக்கு முன், பின், ரிட்டர்ன் ஸ்லட்ஜ் (டேங்குக்கே திரும்பி வரும் கசடு) என மூன்று இடத்திலும் சாம்பிள் எடுங்கள், அவுட்லெட் மட்டும் கொடுத்தால் டேங்க் என்ன செய்கிறது என்பது தெரியாது.