பிள்ளையை வீட்டில வச்சுப் படிப்பிக்கிறது: மட்டக்களப்பு, அம்பாறையில சரிவருமா?

வாவிக்கரையான்:
வகுப்பில நெருக்கம், பின்னேரம் ரியூசன், மாரியில வெள்ளம் வந்தா பள்ளிக்கூடமே நலன்புரி முகாம். தரம் 5 வரைக்கும் வீட்டிலேயே படிப்பிச்சா என்ன? நான் சரிவரும் என்ற பக்கம்.

40 நிமிசப் பாடத்தில 35 பிள்ளைகள் இருந்தா, ஒரு கொப்பியைப் பார்க்க ரீச்சருக்கு ஒரு நிமிசம் கிடைச்சாலே பெரிசு. வீட்டில காலையில இரண்டு, இரண்டரை மணித்தியாலம் குந்தி இருந்தா தமிழும் கணிதமும் தாராளமா முடியும். பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்தில சும்மா கிடக்கு. ஆனா முதல்ல இறக்க வேண்டியது தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி. எந்தத் தேர்ச்சியை எந்தத் தவணையில எதிர்பார்க்கிறாங்க என்று அதிலதான் இருக்கு. அதைப் பாராம பாடநூலைப் பக்கம் பக்கமா ஒப்புவிக்கிற வீடுகள்தான் வழுக்கி விழுறது.

கல்முனைக்குடியாள்:
தம்பி, பாடநூலுக்கு முதல் சட்டத்தைப் பாருங்க. 5 வயசிலிருந்து 16 வரைக்கும் கட்டாயக் கல்வி. முந்தி 14 ஆக இருந்ததை 2016இல 16 ஆக்கினாங்க. வீட்டில படிப்பிக்கிற பிள்ளையைப் பதிஞ்சு, மேற்பார்வை பார்த்து, சான்றிதழ் குடுக்க இங்க தனி ஏற்பாடு ஒண்டும் இல்ல. பள்ளிக்குப் போகாத பிள்ளையைத் தேடி வரவுக் குழு வந்தா, கிராம சேவகர் கேட்டா, கையில காட்ட என்ன இருக்கும்? திகதி போட்ட கொப்பி, தவணைக்கு ஒரு வினாத்தாள், அவ்வளவுதான்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு விண்ணப்பம் பள்ளிக்கூடம் ஊடாகத்தான் போகுது. மறுகா தரம் 6க்குப் பள்ளிக்குத் திரும்பப் போனா அதிபர் முந்தின பள்ளிக்கூடம் குடுக்கிற விடுகைப் பத்திரம் கேட்பார். ஒரு நாளும் சேராத பிள்ளைக்கு அதை ஆர் எழுதித் தாறது?

ஒருத்தரும் கதைக்காத விசயம் ஊசி. தரம் 6 பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி, ஆறு மாச இடைவெளியில இரண்டு தரம். தரம் 7இல ஏற்புவலி, தொண்டைக்கரப்பான் ஊசி. ரெண்டும் பள்ளிக்கூடத்தில வச்சுத்தான் போடுவாங்க. பிள்ளை வீட்டில இருந்தா, தாய்தான் கிளினிக் கார்டைத் தூக்கிக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்க் கேட்க வேணும். நினைவுபடுத்த ஒருத்தரும் வரமாட்டாங்க.

வாவிக்கரையான்:
ஊசி விசயம் சரி அக்கா, அதை ஒரு கலண்டரில குறிச்சா முடிஞ்சுது. விடுகைப் பத்திரச் சிக்கலுக்கு, முதல்ல தரம் 1இல சேர்த்துப் பதிவை எடுத்துப்போட்டு மறுகா யோசிக்கலாம்.

நான் சொல்றது படிப்பைப் பற்றி. இடப்பெறுமானத்தை எடுங்க. பத்து ஈர்க்கிலை நூலால கட்டினா ஒரு பத்து, பத்துக் கட்டைச் சேர்த்தா நூறு. 43இல இருந்து 17ஐக் கழிக்கச் சொன்னா, பிள்ளை தானே ஒரு கட்டை அவிழ்த்து ஒன்றுகளாக்க வேணும். "கடன் வாங்கு" என்று வாயால சொல்லிக் குடுத்த பிள்ளை 7இல இருந்து 3ஐக் கழிச்சு 34 என்று எழுதும். கட்டை அவிழ்க்க ஒவ்வொரு பிள்ளைக்கும் நேரம் குடுக்க வகுப்பில முடியுமா?

பட்டிருப்பு மாஸ்டர்:
ஆரம்பப் பிரிவுக்கு நீங்க சொல்றதில பாதி ஏற்கலாம். மற்றப் பாதி சொல்வதெழுதல். ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. வீட்டில ஒரே குரல், ஒரே உச்சரிப்பு. பிள்ளை எழுத்தை விட்டுப்போட்டுத் தாயின்ட முகத்தைப் படிக்கும், தாயும் தன்னை அறியாம "ழ"வுக்கு நாக்கை மடிச்சுக் காட்டுவா. மார்க்ஸ் பத்துக்குப் பத்து. கிழமைக்கு ஒரு தரமாவது வேற ஆள் வாசிக்க வேணும், முதுகைக் காட்டிக்கொண்டு.

தரம் 6க்குப் பிறகு நான் முழுக்க எதிர்ப்பு. சாதாரண தரக் கணிதம் பகுதி 2இல 3 மணித்தியாலத்தில 10 வினா, ஒண்டுக்கு 18 நிமிசம். புள்ளி படிமுறைக்குத்தான் பிரியுது. வீட்டில விடையை மட்டும் சரி பார்த்துப் பழகின பிள்ளை, படிமுறையைத் தாண்டி விடையை எழுதிப்போட்டுப் புள்ளியை விடும். வீட்டில மணிக்கூட்டை வச்சு நேரம் பார்த்து எழுத வைக்கிறதும் குறைவு.

விஞ்ஞானம் இன்னும் மோசம். இலையில மாப்பொருள் சோதனை: இலையைக் கொதிநீரில போட்டு, பிறகு மதுசாரத்தில பச்சையம் போகும்வரை சூடாக்கி, கழுவி, அயடீன் விடுறது. மதுசாரத்தை நேரே அடுப்பில வைக்கிறாங்க, தீப்பிடிக்கும். சோதனைக்குழாயில விட்டு, அடுப்பை அணைச்ச பிறகு சுடுநீர்ப் பாத்திரத்தில இறக்க வேணும். இதை யூரியூப்பில பார்த்துக் குசினியில செய்யாதீங்க.

திருக்கோவிலான்:
எல்லாரும் சாதாரண பிள்ளையை வச்சே அடிபடுறீங்க. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பக்கத்தில விசேட கல்வி அலகு இல்லாட்டி என்ன செய்றது? சத்தத்துக்குக் காதைப் பொத்துற பிள்ளையை இரைச்சலுக்குள்ள ஆறு மணித்தியாலம் இருத்துறதை நான் கல்வி என்று சொல்லமாட்டன். அங்க வீடுதான் சரி. ஆனா தாய் வெளிநாட்டில, அம்மம்மா வளர்க்கிற வீட்டுக்கு இந்தக் கதையே வேணாம்.

வாவிக்கரையான்:
மாஸ்டர், லண்டன் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாப் போற பிள்ளைகள் இருக்குதே. கேம்பிரிட்ஜில செய்முறைக்குப் பதிலா எழுத்துத் தாள் ஒண்டும் இருக்கு.

பட்டிருப்பு மாஸ்டர்:
ஆங்கில மொழிமூலம், பவுணில கட்டணம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில எத்தனை வீட்டுக்கு அது? எண்ணிச் சொல்லுங்க தம்பி.

கல்முனைக்குடியாள்:
உள்ளூர்ப் பரீட்சைக்கே தனிப்பட்ட பரீட்சார்த்தியா இருக்கலாம், அதுக்கு இப்பவே செய்ய வேண்டியதைச் சொல்றன். 15 வயசானதும் அடையாள அட்டை. பள்ளிப் பிள்ளைக்கு அதிபர் ஊடாப் போகும், மற்றவங்களுக்குக் கிராம சேவகர் ஊடாகத்தான், அதால முந்தியே தொடங்குங்க. ஒன்பது பாடத்தில ஆறு கட்டாயம், மூன்று தெரிவு. அழகியல் தொகுதியில சங்கீதம், நடனம் எடுத்தா செய்முறைப் பரீட்சையும் வரும். வீட்டில தனியாப் படிக்கிற பிள்ளைக்கு அதே தொகுதியில இருக்கிற தமிழ் இலக்கிய நயம் லேசு.