தங்கச்சிமடம்: டிஷ்ஷை விட்டு ஸ்ட்ரீமிங்குக்கு மாறினோம், மேட்ச் ஓடும்போது மட்டும் டிவி கறுப்பாகிவிடுகிறது

ஜெ, தங்கச்சிமடம்:

வணக்கம். டிவி விஷயமாக ஓர் உதவி வேண்டும். எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மாடியில் இருந்த டிஷ் உப்புக்காற்றில் அரித்துப் போய், வாடைக் காற்று தொடங்கியதும் கை முறிந்து விழுந்துவிட்டது. புது டிஷ் வாங்கி அதையும் துருவுக்குக் கொடுப்பானேன் என்று, ஏற்கெனவே இருக்கிற ஃபைபர் இணைப்பிலேயே (வேகம் 50 எம்பிபிஎஸ்) டிவி பார்க்க முடிவு செய்தோம். டிவி 32 அங்குலம், ஸ்மார்ட் இல்லை, பின்னால் இரண்டு எச்டிஎம்ஐ ஓட்டை உண்டு. அதில் ஒன்றில், நெட்டில் வருகிற படத்தை டிவியில் காட்டும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் மாட்டியிருக்கிறேன்.

யூடியூபில் செய்தி நேரலை ஓடுகிறது. சன் நெக்ஸ்டில் அம்மாவின் தொடரும் பெரும்பாலும் ஓடிவிடுகிறது. ஜியோஹாட்ஸ்டாரில் ஐபிஎல் போட்டால்தான் வம்பு. கொஞ்ச நேரத்தில் திரை கறுப்பாகி, ஸ்டிக்கின் லோகோ வந்து, எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. சில நேரம் லோகோ வராமல் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே வைஃபையில் போனில் அதே மேட்ச் சுத்தமாக ஓடுகிறது. ஸ்டிக் விற்ற கடையில் நெட்டைக் குறை சொல்கிறார்கள். நெட்காரர் வந்து பார்த்து, லைனில் கோளாறு இல்லை, ஸ்டிக்கைப் பாருங்கள் என்கிறார்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம் வேறு. ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்பாவும் சித்தப்பாவும் வீட்டில்தான். இரவு ஏழரை மணிக்குக் கூடம் நிறைய ஆள். திரை கறுப்பானால் எல்லாத் தலையும் என் பக்கம்தான் திரும்புகிறது.

தொண்டிக்காரன்:

நெட்டாகத்தான் இருக்கும். பிளானில் 50 என்று போட்டிருந்தால் டிவிக்கு 50 வந்து சேருகிறது என்று அர்த்தம் இல்லை. எச்டி தரத்தில் பார்க்க 5 எம்பிபிஎஸ் நிலையாக வந்தால் போதும், ஆனால் அது ஸ்டிக்குக்கு வர வேண்டும். போனில் ஸ்பீடு பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. ஸ்டிக்கிலேயே பிரவுசர் போட்டு ஃபாஸ்ட் டாட் காம் திறந்து, மேட்ச் நேரத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள்.

மண்டபம் டிவி மெக்கானிக்:

வட்டம் சுற்றினால் நெட். லோகோ வந்தால் நெட் இல்லை. நெட் எவ்வளவு மெதுவாக வந்தாலும் ஸ்டிக் தானாக அணைந்து எழாது. ஒரே ஒரு கேள்வி தங்கச்சி: ஸ்டிக்குக்குக் கரண்ட் எங்கிருந்து போகிறது? சுவரிலிருந்தா, டிவியின் யூஎஸ்பியிலிருந்தா?

ஜெ, தங்கச்சிமடம்:

டிவியின் யூஎஸ்பியில்தான் அண்ணே. டிவி பக்கம் ஒரே ஒரு பிளக் பாயின்ட், அதில் டிவியே இருக்கிறது. ஸ்டிக்கோடு வந்த அடாப்டர் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.

மண்டபம் டிவி மெக்கானிக்:

அதுதான் விஷயம். டிவியைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, யூஎஸ்பி ஓட்டைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய டிவிகளில் 5 வோல்ட், 500 மில்லியாம்ப் என்று இருக்கும். கணக்குப் போட்டால் இரண்டரை வாட். பென் டிரைவில் பாட்டுக் கேட்க வைத்தது அது. ஸ்டிக்கோடு வரும் அடாப்டரை எடுத்துப் பாருங்கள், 5 வோல்ட் 1 ஆம்ப், அதாவது 5 வாட் என்று இருக்கும். பாதிச் சோறு போட்டு முழு வேலை வாங்குகிறீர்கள்.

செய்தியும் தொடரும் ஓடி, மேட்ச் மட்டும் படுப்பதும் இதனால்தான். செய்தி நேரலை பல நேரம் குறைந்த தரத்தில் ஓடும். மேட்ச் எச்டியில் வரும்போது படத்தைப் பிரித்துக் காட்டும் வேலையும் வைஃபையில் இழுக்கும் வேலையும் ஒரே சமயத்தில் ஏறுகின்றன. அப்போது கரண்ட் தேவை குதிக்கும், வோல்டேஜ் இறங்கும், ஸ்டிக் செத்து எழும். டிவியை அணைத்தால் ஸ்டிக்கும் அணைந்து, ஒவ்வொரு முறை போடும்போதும் லோகோவிலிருந்து தொடங்கும், அதையும் கவனித்திருப்பீர்கள்.

நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கி, டிவியையும் அந்த அடாப்டரையும் அதில் போடுங்கள். அடாப்டரோடு வந்த யூஎஸ்பி வயரையே பயன்படுத்துங்கள். பழைய போன் சார்ஜர் வயர் சில மெலிசாக இருக்கும், நீளம் கூடினால் அதிலேயே வோல்டேஜ் குறைந்துவிடும்.

தொண்டிக்காரன்:

என் வீட்டில் டிவி யூஎஸ்பியிலேயே ஸ்டிக் ஓடுகிறதே, ஒரு தொந்தரவும் இல்லையே?

மண்டபம் டிவி மெக்கானிக்:

உங்கள் டிவி புதியதாக இருக்கும், அதில் 1 ஆம்ப் கொடுக்கிற யூஎஸ்பி இருக்கும். அதனால்தான் அச்சைப் படிக்கச் சொன்னேன். எல்லா டிவியும் ஒன்றல்ல.

ஜெ, தங்கச்சிமடம்:

500 மில்லியாம்ப் என்றுதான் போட்டிருந்தது. சுவர் அடாப்டருக்கு மாற்றிய பிறகு லோகோ வருவது நின்றுவிட்டது. நன்றி அண்ணே. வட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது, இரவு நேரத்தில்தான். தொண்டி அண்ணன் சொன்னபடி ஸ்டிக்கிலேயே பார்த்தேன், வேகம் 3-க்கும் 6 எம்பிபிஎஸ்ஸுக்கும் நடுவே ஆடுகிறது. ரவுட்டர் முன் அறையில், வலையும் மிதவையும் அடுக்கி வைத்திருக்கிற மூலையில் இருக்கிறது. டிவி நடுக்கூடத்தில். இடையில் ஒரே சுவர்தான், ஆனால் பழைய காலத்துக் கனமான சுவர்.

தொண்டிக்காரன்:

பார்த்தீர்களா, நானும் பாதி சரி.

வைஃபையில் இரண்டு அலைவரிசை உண்டு. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் தெருவில் எல்லார் வீட்டு ரவுட்டரும் அதில்தான் கத்திக்கொண்டிருக்கும். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், நெரிசல் குறைவு, ஆனால் கனமான சுவர் ஆகாது. இரவில் மட்டும் மோசமாகிறது என்றால் அக்கம்பக்க நெரிசல் என்று படுகிறது. ரவுட்டரை அந்த மூலையிலிருந்து எடுத்து, கூடத்து வாசல் நிலைக்கு மேலே ஆள் உயரத்தில் மாட்டிவிட்டு, ஸ்டிக்கை 5-இல் இணையுங்கள். ஃபைபர் வயரை நீங்களே வளைக்க வேண்டாம், உள்ளே கண்ணாடி இழை. நெட்காரரை அழைத்தே இடம் மாற்றுங்கள்.

இன்னொன்று. ஸ்டிக்கை டிவி முதுகில் நேராகச் செருகியிருந்தால், அது டிவியின் உலோகத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒளிந்திருக்கும். சிக்னலும் போகாது, சூடும் ஏறும். பெட்டிக்குள் குட்டியாக ஓர் எச்டிஎம்ஐ நீட்டிப்புத் துண்டு கிடக்கும், அதைப் போட்டு வெளியே எட்டிப் பார்க்கிற மாதிரி தொங்கவிடுங்கள். நம்மூர் சித்திரை வெயிலுக்கு இது அவசியம்.

கீழக்கரை, இப்போது ஷார்ஜா:

பேச்சுக்கு நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். உம்மாவுக்கு டிவியில் சேனல் பார்க்க ஒரு ஸ்டிக் இங்கிருந்து கொடுத்து அனுப்பலாமா? ஊரில் ஒரு காக்கா (அண்ணன்), வருடத்துக்கு ஒரு தொகை கட்டினால் உலகத்துச் சேனல் எல்லாம் வருகிற ஆண்ட்ராய்டு பாக்ஸ் இருக்கிறது என்கிறார். எது நல்லது?

ராமநாதபுரம் கேபிள்:

அந்தப் பாக்ஸ் வேண்டாம். எல்லாச் சேனலும் அடிமாட்டு விலைக்கு வருகிறது என்றால் அது திருட்டு இணைப்பு. ஒருநாள் அணைந்துவிடும், கட்டிய பணம் கட்டியதுதான். பேர் தெரியாத பாக்ஸ்களில் இன்னொரு குறையும் உண்டு. ஓடிடி நிறுவனங்கள் (ஜியோஹாட்ஸ்டார், சன் நெக்ஸ்ட் மாதிரி நெட் வழியாகப் படம் காட்டுகிறவை) உயர்தரப் படத்தை அனுப்பும் முன் சாதனத்தில் வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புச் சான்று இருக்கிறதா என்று பார்க்கும். அது இல்லையென்றால், காசு கொடுத்து முறையான சந்தா எடுத்தாலும் படம் மங்கலாகத்தான் வரும்.

ஸ்டிக் அனுப்பலாம். எங்கே வாங்கியது என்பதைவிட எந்த நாட்டுக் கணக்கில் பதிவு செய்கிறோம் என்பதே முக்கியம். உம்மாவின் இந்தியக் கணக்கில், ஊரில் வைத்தே பதிவு செய்யுங்கள். அங்கே விற்கிற அடாப்டரின் தட்டையான மூன்று முனை நம் சுவரில் நுழையாது. அதனால் ஊரிலேயே வாங்குவது லேசு.

சந்தாவிலும் கவனம். போன் ரீசார்ஜோடு ஓசியாக வருவது பல நேரம் மொபைலுக்கு மட்டுமானது, டிவியில் திறக்காது. டிவி என்று தெளிவாக எழுதியிருக்கிற திட்டத்தையே எடுங்கள். உம்மா எந்தத் தொடர் பார்க்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். சன் தொடர் என்றால் சன் நெக்ஸ்ட், விஜய் தொடர் என்றால் ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழ் என்றால் ஜீ5. மூன்றும் பார்ப்பவர் என்றால் சாதாரண கேபிளே மலிவு. கேபிள்காரன் என்பதால் சொல்லவில்லை, கூட்டிப் பாருங்கள். வீட்டில் பிஎஸ்என்எல் ஃபைபர் இருந்தால், அந்த ஃபைபர் வழியாகவே சேனல் தருகிற ஐஎஃப்டிவி பற்றிக் கேளுங்கள். 2024 இறுதியில் தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும்தான் முதலில் தொடங்கினார்கள். சேனல் பார்ப்பது நெட் டேட்டா கணக்கில் சேராது.

ஜெ, தங்கச்சிமடம்:

ரவுட்டரை நிலைக்கு மேலே மாற்றியாயிற்று, வட்டம் போய்விட்டது. இப்போது புதுத் தொல்லை. பக்கத்து வீட்டில் டிஷ். அங்கே "அவுட்" என்று கத்திய பிறகுதான் எங்கள் வீட்டில் பந்து போடவே ஓடி வருகிறார்கள். சித்தப்பாவுக்குக் கோபம். இதைச் சரிசெய்ய முடியுமா?

மண்டபம் டிவி மெக்கானிக்:

முழுக்க முடியாது. டிஷ்ஷில் சிக்னல் 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கக் கால் விநாடிதான் ஆகும். ஸ்ட்ரீமிங்கில் படத்தைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, சர்வர் சர்வராகக் கடத்தி, உங்கள் ஸ்டிக் அதில் சில துண்டுகளைச் சேமித்து வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும். அரை நிமிடம் பின்தங்குவது சகஜம். நடுவில் வட்டம் சுற்றியிருந்தால் அந்த நேரமும் கூடிவிடும். அதை மட்டும் குறைக்கலாம்: லைவ் பொத்தானை அழுத்துங்கள், அல்லது வெளியே வந்து மறுபடி உள்ளே போங்கள். சித்தப்பாவைப் பக்கத்து வீட்டுக்கே அனுப்புவதும் ஒரு வழி.

ஆனால் டிஷ்ஷை ஒரேயடியாகத் தலைமுழுகாதீர்கள். தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், ஒருமுறைச் செலவுதான், மாதக் கட்டணம் கிடையாது. டிடி தமிழ் வரும். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்களைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்பதால் அவை டிடி ஸ்போர்ட்ஸில் கிடைக்கும், அதுவும் தாமதம் இல்லாமல். ஐபிஎல் வராது, அதற்கு ஸ்டிக்தான்.

தொண்டிக்காரன்:

ராமேஸ்வரத்தில் அவ்வளவு பெரிய டிவி கோபுரம் நிற்கிறதே அண்ணே, பழையபடி ஓர் ஆன்டெனா நட்டால் ஆகாதா?

மண்டபம் டிவி மெக்கானிக்:

கோபுரம் 323 மீட்டர், பார்க்க அழகு. ஆனால் வீட்டு ஆன்டெனாவுக்கு வருகிற பழைய ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் நாடு முழுக்கப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. அந்தக் காலத்தில் நம் கரையில் உயரமாகக் கம்பி நட்டு இலங்கையின் ரூபவாகினி டிவி பார்த்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் கதை கேட்கலாம், படம் கேட்க முடியாது.

ஃப்ரீ டிஷ் வைத்தால் ஒரு தகவல். அந்தச் செயற்கைக்கோள் ஜிசாட்-15, கிழக்கே 93.5 டிகிரியில் நிற்கிறது. நம் ஊரிலிருந்து தென்கிழக்கில், ஏறத்தாழ 70 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே. அதனால் தென்னை மறைப்பது அரிது. மொட்டை மாடி விளிம்பில் காற்றுக்கு நேராக நட வேண்டியதில்லை, படிக்கட்டு அறைச் சுவரின் மறைவில் வைத்தாலும் பிடிக்கும்.

உப்பு முதலில் தின்பது டிஷ் தட்டை அல்ல, கம்பி மாட்டுகிற முனையைத்தான். பல கம்பிகளில் நடு நரம்பு செம்பு பூசிய இரும்பு. பூச்சு முதலில் பச்சை பிடித்துப் போகும், பிறகு இரும்பில் துரு ஏறி, படம் கட்டம் கட்டமாக உடையும். முனையை இறுக்கிய பிறகு, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். கம்பியை முனைக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு மேலேற்றுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கனமழையில் அப்போதும் படம் கொஞ்ச நேரம் போகும், அதற்கு மருந்து இல்லை.

ஜெ, தங்கச்சிமடம்:

சரி அண்ணே. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினாலே இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் இல்லை. அப்போது செய்தி பார்க்க என்ன வழி?

ராமநாதபுரம் கேபிள்:

ரவுட்டருக்கு மட்டும் மினி யூபிஎஸ் என்று விற்கிறது, உள்ளங்கை அளவுதான் இருக்கும். நெட்காரரின் பக்கம் கரண்ட் இருக்கும் வரை வைஃபை ஓடும், டிவி இல்லாவிட்டாலும் போனில் செய்தி நேரலை பார்க்கலாம். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்துக் கடைக்குக் கொண்டு போங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், சிலவற்றில் 9. வோல்ட் கட்டாயம் பொருந்த வேண்டும், ஆம்ப் அதைவிடக் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை.